ஐம்பது கிலோவுக்குள்

சுனாமியில் கடல் ஏறி வந்துபோன பிறகு ஊருக்கு லாரி லாரியாக வந்து இறங்கிய பழந்துணிகளில் கம்பளி ஸ்வெட்டர்கள் நிறைய இருந்தன. மரக்காணத்துக் கரையில் மார்கழி விடியலில்கூட ஸ்வெட்டர் போடுகிற ஆள் கிடையாது. யாருக்கும் வேண்டாமல் பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமில் கிடந்த மூட்டைகளை அவிழ்த்து, கபடிப் பெண்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார் பி.டி. வாத்தியார் சகாதேவன். ஜூன் மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு உப்பளத்து வரப்பில் ஓட வேண்டும். ஓடினால் வியர்க்கும், வியர்த்தால் எடை இறங்கும்.

பத்தாம் வகுப்பு அம்சவள்ளி முன்னால் ஓடினாள். அவள் குதிகாலை ஒட்டினாற்போல் சங்கீதா. கழுத்தை அறுக்கும் கம்பளிக்குள் உடம்பு வெந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் நிரம்பிக் கிடந்தாலும் ஒரு வாய்கூடக் குடிக்க உதவாது. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அவர்களோடு நின்ற அம்சவள்ளியின் அம்மா திரௌபதி மட்டும் சிரிக்கவில்லை. பெண்ணுக்கு ஏதோ நல்லது நடக்கப்போகிறது, வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் ஓடுகிறவள் முகத்தில் ரத்தமே இல்லையே என்று மனசுக்குள் ஒரு உறுத்தல்.

வரும் ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் மாவட்ட அணிக்குத் தேர்வு. ஐம்பது கிலோவைத் தாண்டினால் ஆட விடமாட்டார்கள். ஊரில் மனிதரை நிறுக்கும் மிஷின் இல்லை. உப்பு மூட்டை போடும் கிடங்கில் இருந்த தராசில்தான் சகாதேவன் பெண்களை ஏற்றி இறக்கினார். அம்சவள்ளி இரண்டு கிலோ கூடுதல். சங்கீதா மூன்றுக்கும் மேல். மற்ற பெண்கள் எல்லாம் ஒல்லிக்குச்சிகள், அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் ஆட்டம் இந்த இரண்டு பேரை நம்பித்தான் இருந்தது. பாடிப் போனால் ஆளைத் தொடாமல் திரும்பாதவள் அம்சவள்ளி. ஓரத்தில் நின்று எதிராளியின் காலைப் பிடித்தால் விடாதவள் சங்கீதா. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, இரண்டு பேருக்கும்.

தேர்வாகி மாநில அணிவரை போனால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும். அங்கே காலையில் பால், தினமும் முட்டை, வாரத்தில் இரண்டு நாள் கறி என்று முன்னால் போன ஒருத்தி வந்து சொல்லியிருந்தாள். அந்தச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரத்தான் இந்தப் பெண்கள் சாப்பிடாமல் கிடந்தார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் பிரியதர்ஷினி மிஸ் வருவாள். அலைக்குப் பிறகு ஊருக்கு வந்த தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை. புதுச்சேரியில் உணவுப் படிப்பு படித்தவள். விளையாடுகிற பிள்ளைகளுக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது அவள் பொறுப்பு. முதல் வாரம் பாதாம், பழச்சாறு என்று ஏதோ படம் காட்டினாள்; பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அடுத்த வாரம் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, நீங்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள். காலையில் பால் இல்லாத வரடீ, மத்தியானம் சத்துணவு, ராத்திரி சோறும் கருவாட்டுக் குழம்பும். அதிலிருந்தே பேச ஆரம்பித்தாள். கேழ்வரகுக் கூழ், வேர்க்கடலை, முருங்கைக்கீரை, சின்ன மீனை முள்ளோடு. அப்போதிருந்து யாரும் சிரிக்கவில்லை.

தேர்வுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவள் பேசியது முழுக்கத் தண்ணீரைப் பற்றி. ஓடியும் பட்டினி கிடந்தும் இரண்டு மூன்று நாளில் இறங்குகிற எடை கொழுப்பு அல்ல, உடம்பில் இருக்கிற நீர் என்றாள். வியர்வையிலும் சிறுநீரிலும் நீரோடு சேர்ந்து உப்புகளும் போய்விடும். அப்புறம் கெண்டைக்கால் கல்லாக இறுகும், தலை சுற்றும். இன்னும் போனால் நெஞ்சு ஒழுங்காக அடிக்காது, ஓடுகிற குதிரை கால் இடறுகிற மாதிரி இடறும். அந்த நிலைமைக்கு வந்தவளை உட்காரவைத்து விசிறக்கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

சகாதேவன் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் இரண்டு பேருக்கும் பேச்சு தடித்தது. கூடுதல் எடையில் இருக்கிற இரண்டு பேரையும் பெரிய பெண்கள் பிரிவில் ஆட விடுங்கள் என்றாள் அவள். அங்கே இருபது வயசுக்காரிகள் ஆடுகிறார்கள், இந்தக் குழந்தைகளை மிதித்துப் போட்டுவிடுவார்கள் என்றார் அவர். கடைசியில் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது உள்ளே இருந்த அம்சவள்ளிக்குக் கேட்டது.

"மேடம், நீங்க வெள்ளிக்கிழம வர்றீங்க, போறீங்க. முள்ளு ஐம்பத தாண்டிச்சின்னா இந்தப் புள்ளைங்க திரும்ப உப்பு வாரத்தான் போவும். ஞாயித்துக்கெழம முடியட்டும். அப்புறம் உங்க இஷ்டத்துக்குச் சாப்பாடு போடுங்க."

பிரியதர்ஷினி உள்ளே வந்து அம்சவள்ளியின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டாள். குடிக்கிறேன் மிஸ் என்றாள் அம்சவள்ளி. பொய் சொல்லும்போது கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், பார்த்தே சொன்னாள்.

தண்ணீரை நிறுத்தியதோடு அவள் நிற்கவில்லை. அது மிஸ்ஸுக்கும் தெரியாது, சாருக்கும் தெரியாது.

அவள் அப்பா ஆதிமூலத்துக்கு இதயத்தில் கோளாறு. உப்பளத்தில் நின்ற மனுஷன், இப்போது கால் வீங்கி வீட்டோடு கிடந்தார். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளில் ஒன்றைப் போட்டால் காலையெல்லாம் ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருப்பார். சாயங்காலத்துக்குள் வீக்கம் வடிந்து கால் சுருங்கிப்போகும். வீட்டில் அதற்குத் தண்ணி மாத்திரை என்று பெயர். கால் சுருங்குவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அம்சவள்ளிக்கு அந்த யோசனை வந்தது. ஒரு நாள் தகர டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மறுநாள் கிடங்குத் தராசில் முள் இறங்கியிருந்தது. சகாதேவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சங்கீதாவுக்கு முள் இறங்கவில்லை. அவள் அழுதாள். சோறே தின்னாமல் இருந்து பார்த்தாள், எச்சிலைத் துப்பித் துப்பிப் பார்த்தாள். நீ மட்டும் எப்படிடி இறங்கினே என்று அம்சவள்ளியைப் பிடித்துக்கொண்டாள். முதலில் அம்சவள்ளி சொல்லவில்லை. நீ போய்விடுவாய், நான் இங்கேயே கிடப்பேன் என்று சங்கீதா சொன்னபோது தாங்க முடியவில்லை. ஆறு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். ஒரு நாளைக்கு ஒன்றுதான், அதற்கு மேல் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தாள். இவ்வளவு தந்துவிட்டோமே என்று அன்று மாலையே தோன்றியது. திரும்பக் கேட்கவும் மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் சங்கீதா ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி வந்தாள். உதடு வெடித்திருந்தது. வழியில் இரண்டு தரம் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிப் புதருக்குப் பின்னால் போனாள். ஏறும்போது காலைத் தூக்கிப் படியில் வைக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்சவள்ளி கை கொடுத்துத் தூக்கினாள். அந்தக் கை ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது.

"எத்தினிடி போட்ட?" என்று அம்சவள்ளி காதோடு கேட்டாள்.

"சும்மா இரு. முள்ளு எறங்கிடும்."

முள் இறங்கத்தான் செய்தது. மைதானத்து ஓரத்தில் துணிப்பந்தலுக்குக் கீழே எடை போட்டார்கள். அம்சவள்ளி கொஞ்சம் கீழே. சங்கீதா ஏறி நின்றபோது முள் ஆடி ஆடி ஐம்பதில் நின்றது. எடை பார்த்தவர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். சகாதேவன் கையை உயர்த்திக் கடவுளுக்கு ஒரு கும்பிடு போட்டார். உடனே வாழைப்பழமும் குளுக்கோஸ் தண்ணியும் கொடுத்தார். மற்ற பெண்கள் வாங்கி விழுங்கினார்கள். சங்கீதா ஒரு வாய் குடித்துவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். பயம், ஆட ஆரம்பித்தால் போய்விடும் என்றார் சகாதேவன். அம்சவள்ளியும் அப்படித்தான் நம்ப முயன்றாள். நம்பினால் ஆடலாம்.

முதல் ஆட்டம் செஞ்சிப் பக்கத்துப் பெண்களோடு. தேர்வாளர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்சவள்ளி பாடிப் போன முதல் தடவையே இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குள் விழுந்தாள். மேசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லி அவளைக் கை காட்டுவது தெரிந்தது. வயிறு ஒட்டிக் கிடந்தும் உடம்பு என்னவோ பறந்தது. இன்னும் இரண்டு தடவை இப்படிப் போய் வந்தால் போதும்.

அப்புறம் எதிரணிப் பெண் ஒருத்தி பாடி வந்தாள். வழக்கம்போல் சங்கீதா ஓரத்திலிருந்து பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்தாள். பிடித்த பிடி தானாகக் கழன்றது. வந்தவள் துள்ளிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். யாரும் சங்கீதாவை இடிக்கவில்லை, மிதிக்கவில்லை. ஆனால் அவள் விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

விசில் ஊதினார்கள். ஓரத்துக்குத் தூக்கி வந்து படுக்கவைத்தார்கள். கெண்டைக்கால் சதை முடிச்சு முடிச்சாக இறுகியிருந்தது. சகாதேவன் காலைப் பிடித்து நீவினார், ஸ்ப்ரே அடித்தார். வெயில், சதைப்பிடிப்பு, பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும் என்று கூடியிருந்தவர்களிடம் சொன்னார். யாரோ துண்டால் விசிறினார்கள். யாரோ அவள் வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். அது கடைவாயில் வழிந்தது. மாற்று ஆளை இறக்கி ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்கள். அடுத்துப் பாடிப் போக வேண்டியவள் அம்சவள்ளி.

அவள் போகும்முன் குனிந்து சங்கீதாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி படபடவென்று ஓடியது. ஓடி, நின்றது. மறுபடி ஓடியது, மறுபடி இடறியது. வெள்ளிக்கிழமை வகுப்பில் கேட்டது எழுத்து மாறாமல் காதில் ஒலித்தது.

நடுவர் அவளைப் பார்த்துக் கையசைத்தார். அவள் கோட்டருகே போய் நின்றாள். எதிரணிப் பெண்கள் கைகோத்துக் காத்திருந்தார்கள். மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். ஒரு மூச்சு உள்ளே இழுத்தாள். வாயிலிருந்து பாட்டு வரவில்லை. திரும்பி நடந்து மைதானத்தை விட்டு வெளியே வந்தாள்.

சகாதேவன் கத்தினார். அவள் அவர் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துக்கொண்டுபோய் மாத்திரை விஷயத்தைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் சாம்பல் பூத்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். சங்கீதாவை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்தார்.

ஆட்டோவில் சங்கீதாவின் தலை அம்சவள்ளி மடியில். கண் பாதி திறந்திருந்தது. ஆட்டோ சத்தத்தில் சகாதேவன் அம்சவள்ளியின் காதருகே குனிந்து சொன்னார்.

"இந்தாம்மா, நான் சொல்றத கேளு. வெயில்ல ஆடி மயங்கிட்டான்னு மட்டும் சொல்லு. ட்ரிப்ஸ் ஏத்துவாங்க, சரியாயிடும். மாத்திரன்னு வாயத் தொறந்தீன்னா உன்னையும் சேத்து ஆயுசுக்கும் ஆட விடமாட்டாங்க. நம்ம ஸ்கூலு பேரும் போயிடும். புரியுதா?"

அம்சவள்ளி தலையை ஆட்டினாள். அவர் கெட்டவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஷூ இல்லாத பிள்ளைகளுக்குத் தன் சம்பளத்தில் ஷூ வாங்கிக் கொடுத்தவர். ட்ரிப்ஸ் ஏற்றினால் சரியாகிவிடும் என்று அவர் சொல்வது நிஜமாகவும் இருக்கலாம். அப்படியே இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. தேர்வாளர்கள் அவள் ஆடியதைப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

அவசரப் பிரிவில் கூட்டம். ஒரு பக்கம் பைக்கில் விழுந்தவன், இன்னொரு பக்கம் மூச்சுத் திணறும் கிழவர். டூட்டியில் இருந்த பெண் டாக்டர் வந்து சங்கீதாவின் கண்ணையும் நாக்கையும் பார்த்தார். என்ன சாப்பிட்டாள், மருந்து மாத்திரை ஏதாவது போட்டாளா என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லிங்க மேடம். கபடி ஆடினா. வெயிலு தாங்கல" என்றார் சகாதேவன்.

டாக்டர் நர்சிடம் குளுக்கோஸ் போடச் சொல்லிவிட்டுக் கிழவரின் பக்கம் திரும்பினார். நர்ஸ் பாட்டிலை மாட்டினாள். அம்சவள்ளி சங்கீதாவின் மணிக்கட்டை விடவே இல்லை. நாடி ஓடியது, நின்றது. இந்தத் தடவை நின்றது முன்பைவிட நீளமாக இருந்தது.

"மேடம்" என்றாள். டாக்டர் திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். "மேடம், அவ தண்ணி மாத்திர போட்டிருக்கா. காலு வீங்கினா போடுவாங்களே, அது. எங்கப்பாவோடது. நான்தான் குடுத்தேன்."

டாக்டர் இரண்டே எட்டில் திரும்பி வந்தார். எத்தனை என்று கேட்டார். ஆறு கொடுத்தேன், எத்தனை போட்டாள் என்று தெரியாது என்றாள். டாக்டர் சங்கீதாவின் கன்னத்தைத் தட்டிக் கேட்டார். சங்கீதா உதட்டை மட்டும் அசைத்தாள். எல்லாம்.

அப்புறம் நடந்தது எல்லாம் ஓட்டமாக நடந்தது. குளுக்கோஸை நிறுத்தச் சொன்னார் டாக்டர். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி மிஷினில் பேப்பரை ஓடவிட்டார். அந்தப் பேப்பரைப் பார்த்த அவர் முகத்தை அம்சவள்ளி பார்த்தாள். ரத்தம் எடுத்துக்கொண்டு ஒருவர் ஓடினார். வேறு பாட்டில் வந்தது. அதில் ஊசியால் ஒரு மருந்தைக் கலந்து, சொட்டுச் சொட்டாக விட வேண்டும், வேகமாகப் போனால் உயிருக்கு ஆபத்து என்று நர்சிடம் சொல்லிவிட்டுத் தானே பக்கத்தில் நின்றார். உடம்பில் பொட்டாசியம் வற்றிப்போய் இதயம் தடுமாறுகிறது என்றார். வெறும் குளுக்கோஸ் ஏறியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்றும் சொன்னார்.

அப்புறம் அம்சவள்ளியின் பக்கம் திரும்பினார். "நீயும் போட்டியா?"

அவள் தலையை ஆட்டியதும் அவளையும் அடுத்த கட்டிலில் படுக்கவைத்துவிட்டார்கள். நடுவே பச்சைத் துணி மறைப்பு. அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. ஒரு சமயம் கட்டில் தடதடவென்று ஆடியது. பிடி, பிடி என்று டாக்டர் குரல். செருப்புக் கால்கள் ஓடின. அம்சவள்ளி எழுந்திருக்கப் பார்த்தாள், கையில் ஊசி இழுத்தது. அம்மா, மாதா, அங்காளம்மா என்று தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டாள். எனக்கு ஆட்டம் வேண்டாம், விடுதி வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

வெகுநேரம் கழித்துத்தான் அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. டாக்டர் துணியை விலக்கி எட்டிப் பார்த்து, தப்பித்துவிட்டாள் என்றார். நீ சொல்லாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, மீதியைச் சொல்லாமல் போனார்.

போகிற வழியில் சகாதேவனை நிறுத்தினார். இந்தப் பிள்ளைகளை யார் இந்தக் கதிக்கு ஆளாக்கியது என்று கேட்டார். மாத்திரை விஷயம் தனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், அது உண்மையும்கூட. சகாதேவன் சொன்னது வேறு.

"நான்தாங்க மேடம். எடைய எறக்குன்னு சொன்னது நான்தான். எப்படி எறக்கினீங்கன்னு நான் ஒரு வார்த்த கேக்கல."

சாயங்காலம் சங்கீதாவின் அம்மா தனகோடி வந்தாள். மகள் கட்டிலருகே நின்று மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு அடுத்த கட்டிலுக்கு வந்தாள். அடிப்பாள் என்று அம்சவள்ளி கண்ணை மூடிக்கொண்டாள். தனகோடி அடிக்கவில்லை. "இனிமே எம் பொண்ணு பக்கம் வராத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் பிரியதர்ஷினி வந்தாள். திட்டப்போகிறாள் என்று அம்சவள்ளி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அவள் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எதெல்லாம் செய்யக்கூடாதுன்னு வாரா வாரம் சொல்லிட்டே இருந்தேன். செய்யாம இருந்தா நீங்க எங்க போய் ஆடுவீங்கன்னு நான் யோசிக்கல அம்சா" என்றாள்.

நாடி பிடித்துப் பார்த்ததை அம்சவள்ளி சொன்னாள். இடறினால் ஓட வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்களே மிஸ் என்றாள். பிரியதர்ஷினி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த அன்று அப்பாவின் கால் பானை மாதிரி வீங்கியிருந்தது. மாத்திரை குறைந்துபோனதால் அவர் ஒன்றைப் பாதியாக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அம்சவள்ளி அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயத்தை அவர் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"மாத்திர கொறையறது எனக்கு அப்பவே தெரியும் பாப்பா. நீதான் எடுக்கிறேன்னும் தெரியும். எதுக்குன்னு கேக்க பயமா இருந்துச்சி. வயசுப் பொண்ணு, என்னா கஷ்டமோ, கேட்டா ஏதாவது பண்ணிக்குவியோன்னு... வாய மூடிக்கிட்டேன். கேட்டிருக்கணும்."

அவள் அழுததெல்லாம் அப்போதுதான். திரௌபதி தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். அப்பா தண்ணீர்ச் செம்பை நகர்த்தினார். இதயம் சரியில்லாத அந்த மனுஷனைப் பார்த்துப் பார்த்து அவள் தின்ன வேண்டியிருந்தது.

இரண்டு பேருக்கும் அந்த வருஷம் எந்தத் தேர்விலும் ஆடத் தடை. சகாதேவன் மாவட்டத் தேர்வுகளுக்கு அணி அழைத்துப் போகக்கூடாது என்று மேலேயிருந்து உத்தரவு. பல நாள் அவர் அம்சவள்ளிக்கு முகம் கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்துவிட்டாள் என்ற கோபமா, தன் மேலேயே இருந்த வெட்கமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் பெண்களைக் கிடங்குத் தராசுக்கு அவர் அப்புறம் அழைத்துப் போகவே இல்லை. பிரியதர்ஷினி தன் நிறுவனத்தோடு மல்லுக்கட்டி, பயிற்சி முடிந்ததும் பெண்களுக்கு வேர்க்கடலையும் வெல்லமும், வாரத்தில் சில நாள் அவித்த முட்டையும் கிடைக்க வழி பண்ணினாள். சகாதேவனே அதை எண்ணிக் கொடுத்துவிட்டு, தின்று முடிக்கும்வரை நின்று பார்த்தார். பெரிய பெண்கள் பிரிவில் ஆடுவதற்காகப் பெண்களைப் பளு தூக்கவைத்துத் தோளை வலுவாக்கினார்.

சங்கீதா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பெஞ்சு மாறி உட்கார்ந்தாள். அம்சவள்ளி கூப்பிட்டால் நிமிர்ந்து பார்ப்பாள், பதில் சொல்லமாட்டாள். அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஐப்பசி மழையில் உப்பளம் முழுக்க மூழ்கி வேலை நின்றுபோனது. கார்த்திகையில் ஒரு நாள் மைதானம் காய்ந்ததும் சங்கீதா தானாக வந்து தன் பழைய ஓரத்தில் நின்றாள். சகாதேவன் விசில் ஊதினார். அம்சவள்ளி பாடிக்கொண்டு வந்தபோது சங்கீதா அவள் காலைப் பிடித்து மண்ணில் சாய்த்தாள். பிடி இரும்பாக இருந்தது. விழுந்து கிடந்தபடியே இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

தை மாதம் கிளியனூரில் பொங்கல் விளையாட்டு. உள்ளூர்ப் போட்டி, எடைக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. எதிரில் புதுச்சேரி கல்லூரிப் பெண்கள். ஒவ்வொருத்தியும் தென்னைமரம் மாதிரி இருந்தார்கள். அம்சவள்ளியின் அணி அரையிறுதியில் தோற்றது, ஆனால் கடைசி வரைக்கும் மூச்சு விடாமல் ஆடித் தோற்றது. ஆட்டம் முடிந்து பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

பார்க்க வந்திருந்த கூட்டத்திலிருந்து தனகோடி எழுந்து வந்தாள். அம்சவள்ளி சட்டென்று எழுந்து நகர்ந்துகொண்டாள். தனகோடி மகளின் முழங்கால் சிராய்ப்பைப் பார்த்து முணுமுணுத்தாள், முந்தானையால் மண்ணைத் தட்டிவிட்டாள். பையிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்து மகளிடம் கொடுத்தாள். பிறகு நிமிர்ந்து, தள்ளி நின்றவளைப் பார்த்தாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாகப் பேசினாள்.

"நீ சாப்ட்டியா?"

இல்லைங்க அத்தை என்றாள் அம்சவள்ளி.

"அப்ப வந்து உக்காரு" என்றாள் தனகோடி.